உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கறுத்த ஆட்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று நம்மில் பலர் நம்புகிறோம். வெயிலால் வருகிற வகைகள் நமக்குக் குறைவு, உண்மைதான். ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, இந்த இடங்களில் வருகிற மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. அபூர்வமான நோய்தான். பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது மெலனோமாதான். 1977இல் கண்டுபிடித்தார்கள்; 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

கரைவலை இழுக்கிற ஒரு ஐயாவை அவருடைய மனைவி கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். குதிக்காலில் கறுப்பு. முள்ளுக் குத்தின இடம் என்று விட்டிருக்கிறார். பிறகு கால் ஆணி என்று பிளேட்டால் சீவியிருக்கிறார். "சீனி வருத்தம் இருக்கு டொக்டர், அதாலதான் ஆறேல்ல" என்றார். கழுவித் துடைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கடுங்கறுப்பு, மறுபக்கம் மண்ணிறம், ஓரமெல்லாம் மை ஊறின கடதாசி மாதிரி. துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் அந்த அம்மா பயந்துவிட்டார்: "கத்தி பட்டாப் பரவும் எண்டு சொல்லுறாங்களே?" பரவாது அம்மா. இதை வானொலியில் இன்னொரு தரமும் சொல்கிறேன்: சோதனைக்குத் துண்டெடுப்பதால் பரவாது. எடுக்காமல் விட்ட மாதங்களில்தான் அது ஆழமாக இறங்கும்.

ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1 மில்லிமீற்றருக்குள் என்றால் சுற்றிவர 1 சென்ரிமீற்றர் நல்ல தோலோடு வெட்டியெடுப்போம். 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் 2 சென்ரிமீற்றர். மெல்லியதாக இருக்கும்போதே எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பல வருஷம் சுகமாக இருக்கிறார்கள். ஆழமானால் கவட்டு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஐயாவுக்கு வந்ததும் மெலனோமாதான்; நெறிக்கட்டிக்குப் போகவில்லை. தொடைத் தோலை எடுத்துக் குதிக்காலில் ஒட்டினோம். இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு வாடிக்குப் போகிறார்.

நகத்தையும் பாருங்கள். அடிபட்டுக் கண்டிய இரத்தம் நகம் வளர வளர முன்னால் நகரும். நகராமல் ஒரே ஒரு நகத்தில் அகலமாகிக்கொண்டே போகிற கறுப்புக் கோடு, அதுவும் நகத்தைச் சுற்றின தோலுக்கு ஏறினால், உடனே காட்டுங்கள்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் சிகிச்சைக்கு வழிதிறந்த இருவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய மெலனோமாவுக்கு இன்று அது பெரிய துணை. உள்ளங்கால் வகைக்கு மட்டும் அது கொஞ்சம் குறைவாகவே கேட்கிறது. அதனால்தான் கோணேசர் கோவிலுக்குப் போய்வந்து கால் கழுவும்போது ஒருதரம் திருப்பிப் பாருங்கள் என்கிறேன். குனிய முடியாத வயதானவர்களுக்குப் பிள்ளைகள் பாருங்கள், விரலிடுக்கையும் விரித்து. வணக்கம்.