பேத்தியோடு பார்த்த கங்கண கிரகணம்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

கிரகணம் வருகிறது என்றால் நம் வீடுகளில் என்னென்ன நடக்கும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. குடிதண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போடுவார்கள், அடுப்பை அணைத்துவிடுவார்கள், கோயில் நடை சாத்தியிருக்கும், கிரகணம் விட்டபின் தலை முழுகினால்தான் சாப்பாடு. நான் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கிரகணத்தின்மீது எனக்கு நீண்ட காலமாக ஒரு பற்று உண்டு; அது முதலில் கண்ணால் கண்டு வந்ததன்று, காண முடியாமல் போனதால் வந்தது.

1980 ஆம் ஆண்டு பிப்ரவரி 16 ஆம் நாள், சனிக்கிழமை, பிற்பகல். கர்நாடகத்தின் கார்வாரில் தொடங்கி ஒடிசாவின் பூரி வரையில் முழுச் சூரிய கிரகணம். நமக்குப் பகுதி கிரகணம். அப்போது நான் என் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். என் மாமியார் மிகுந்த அன்புடையவர்; அந்த அன்பினாலேயே என்னை உள்ளறையில் படுக்க வைத்துச் சன்னலுக்குப் போர்வையைக் கட்டினார். அரிவாள்மனையைத் தொடக் கூடாது, நகத்தைக் கூடக் கிள்ளக் கூடாது என்றார். முற்றத்தில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகணம் விடும்போது அது தானாகச் சாயும் என்பது நம்பிக்கை. அடிப்பாகம் சமமாகத் தேய்ந்த உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அத்தையிடம் அதைச் சொல்லும் துணிவு அன்று இல்லை. வெளியே தெருவில் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. போர்வையின் ஓரத்தில் வெளிச்சம் மங்கித் திரும்பவும் கூடியதை மட்டும் கண்டேன். அன்று வயிற்றிலிருந்த பெண்ணுக்குப் பிறந்தவள்தான் நான் இன்று சொல்லப்போகும் பேத்தி.

2019 டிசம்பர் 26 ஆம் நாள், மார்கழி அமாவாசையன்று, தமிழ்நாட்டின் குறுக்கே கங்கண சூரிய கிரகணம், அதாவது நிலவு நடுவை மறைத்துச் சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும் கிரகணம், கடந்து சென்றது. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள ஒரு பட்டையில் இருந்தவர்களுக்குத்தான் வளையம் தெரியும். எங்கள் திருநெல்வேலியில் வெறும் பிறையோடு நின்றுவிடும். அரையாண்டு விடுமுறை வேறு. மகளையும் மருமகனையும் ஏழு வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, திண்டுக்கல்லில் இருக்கும் நாத்தனார் வீட்டு மொட்டை மாடிக்கு முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

குழந்தையை வெயிலில் நிறுத்துவதற்கு முன் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சூரியனை நேரே பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். ஆனால் விழித்திரைக்கு வலி தெரியாது. வலிக்கவில்லையே என்று குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கு கழித்துத்தான் பார்வை மங்கியிருப்பது தெரியவரும். எக்ஸ்ரே படலம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் ஆகிய எதுவும் பாதுகாப்பில்லை. சூரியனைப் பார்ப்பதற்கென்றே தரம் பார்த்துச் செய்த வடிகட்டிக் கண்ணாடி வேண்டும், அதிலும் கீறலோ ஓட்டையோ இருக்கக் கூடாது. நாங்கள் பேத்தியின் கண்ணாடி நழுவாதபடி தலையைச் சுற்றி எலாஸ்டிக் நாடா வைத்துத் தைத்துவிட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, பிறகு நிமிர்ந்து பார். முதலில் குனிந்து, பிறகு கழற்று. இதை அவள் பாடம் போல ஒப்பித்த பிறகே மாடிக்கு அனுமதி.

எட்டு மணி கடந்து சில நிமிடங்களில் சூரியனின் வலப்புற மேல் விளிம்பில் சிறு பின்னம் விழுந்தது. "ஆச்சி, கடிச்சிட்டு!" என்று கத்தினாள். வளையம் தெரிய ஒன்பதரை ஆகும். ஏழு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு நீண்ட நேரம் என்பதை வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் அறிவீர்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்துச் சலித்துப்போய், "ஒன்பதரைக்குத்தான் வரும்னு பேப்பர்காரங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நேயர்களே, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். யாராவது கேட்டால் என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாத கதை ஒன்று உண்டு.

சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த ஜான் வாரன் என்பவர் பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்தார். நம்மவர் காலக் கணக்குகளை ஆராய்ந்து, ‘கால சங்கலித’ என்னும் நூலை 1825 இல் வெளியிட்டார். அங்கே பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைக் கண்டு, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி கேட்டார். அந்த மனிதர் காகிதம் கேட்கவில்லை, எழுதுகோல் கேட்கவில்லை. தரையில் அமர்ந்து சோழிகளைப் பரப்பினார். எண்களையெல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் ஆக்கி மனப்பாடம் செய்திருந்தார்; வாய் அவற்றைச் சொல்லச் சொல்லக் கை சோழிகளைக் கூட்டியும் எடுத்தும் வைத்தது. ஒரு வரிகூட எழுதாமல் கிரகணம் பிடிக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டார். அது எவ்வளவு சரி என்று பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தவர்கள், தொடக்க நேரத்தில் அவர் தவறியது நான்கே நிமிடம் என்று கண்டார்கள். நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகிற்று; கணக்கு ஆசிரியை என்ற முறையில் அதையும் நான் மறைக்கக் கூடாது. ஆனால் நினைத்துப் பாருங்கள், சோழியை வைத்துக்கொண்டு, எழுதாமல்!

பேத்திக்குச் சோழி என்றால் தாயக்கட்டம்தான் நினைவுக்கு வரும். "அந்தத் தாத்தா எவ்வளவு சோழி வச்சிருந்தார்?" என்று கேட்டாள். அது எனக்கும் தெரியவில்லை.

என் ஆதங்கம் இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்: கிரகணம் எப்போது பிடிக்கும் என்பதை ஊருக்குச் சொன்னவர் அந்தக் கணக்கர்; அவர் சொன்ன நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் நாம் கதவைச் சாத்தினோம். அச்சத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்தோம், கணக்கைக் கொடுக்கவில்லை. ராகு, கேது என்று நாம் நடுங்கும் இரண்டும் பஞ்சாங்கக் கணக்கில் இரண்டு புள்ளிகள். நிலவு செல்லும் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களே அவை. அமாவாசைதோறும் நிலவு சூரியன் இருக்கும் பக்கமாகவே வந்தாலும், பெரும்பாலும் அதற்குச் சற்று மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடும். அந்தப் புள்ளியை ஒட்டி அமாவாசை வாய்த்தால் கிரகணம். சூரியன் நிலவைக் காட்டிலும் அகலத்தில் ஏறத்தாழ 400 மடங்கு பெரியது, ஏறத்தாழ அதே 400 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. அன்றைக்கு நிலவு கொஞ்சம் தள்ளி இருந்ததால், சூரியனின் அகலத்தில் நூற்றுக்கு 97 பங்கைத்தான் அதனால் மறைக்க முடிந்தது. மிச்சம்தான் வளையம்.

இனி, சமையலறைக்கு வருகிறேன். நாத்தனாரிடம் பூந்திக் கரண்டியைக் கேட்டு வாங்கி, தண்ணீர்த் தொட்டியின் வெள்ளையடித்த சுவருக்கு எதிரே மருமகனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சுவரை ஒட்டிப் பிடித்தபோது கரண்டியின் துளைகள் வட்ட வட்டமாகவே விழுந்தன. ஓர் அடி பின்னால் வந்தார், வட்டங்கள் கலங்கின. இன்னும் பின்னால் வந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்றபோது, சுவர் முழுக்கப் பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. "ஓட்டை வட்டமாத்தானே இருக்கு ஆச்சி, பிறை எங்கேருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு, அவளே ஓர் அட்டையில் சதுரமாகத் துளையிட்டுக் கொண்டுவந்தாள். அதிலும் பிறைதான். துளை சிறியதாகவும் சுவர் தூரமாகவும் இருந்தால், சுவரில் விழுவது துளையின் உருவம் அன்று, சூரியனின் உருவம். வேப்பமரத்தடியில் தினமும் நாம் மிதித்து நடக்கும் வெளிச்சப் பொட்டுகளும் அப்படி வந்த சூரிய உருவங்களே; வட்டமாக இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. அன்று எதிர்வீட்டு வேம்பின் கீழே வாசல் கோலத்தின்மேல் நூற்றுக்கணக்கான பிறைகள் அசைந்துகொண்டிருந்தன. கண்ணாடி கிடைக்காத வீட்டிலும் பூந்திக் கரண்டி உண்டு. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்ப்பதால் கண்ணுக்கும் கேடில்லை. கரண்டி வழியாகச் சூரியனைப் பார்ப்பதன்று, கரண்டியின் நிழலைச் சுவரில் பார்ப்பது. இதைத் திரும்பவும் சொல்கிறேன், குழந்தைகள் மாற்றிப் புரிந்துகொள்வார்கள்.

ஒன்பதரை மணி அளவில் பிறையின் இரு கூர்களும் நீண்டு வந்து ஒன்றையொன்று தொட்டன. ஏறத்தாழ மூன்று நிமிடம் வளையம் நின்றது. வானம் இருட்டிவிடவில்லை, வெயில் மட்டும் பழைய வெள்ளிப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது, கைமேல் சூடும் குறைந்திருந்தது. பேத்தி பேசவில்லை. என் மகள்தான் அழுதாள். சுவரில் பூந்திக் கரண்டி அத்தனை துளைக்கும் ஒரு வளையம் போட்டிருந்ததை நாத்தனார் முதலில் பார்த்தார். காலையில் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று உள்ளேயே இருந்தவர், கரண்டியை என்ன செய்கிறோம் என்று பார்க்க மேலே ஏறி வந்திருந்தார். கிரகணம் விட்டதும் எல்லாரும் தலை முழுகினோம், நானும்தான். மார்கழிக் குளிரில் வெந்நீர் நன்றாகவே இருந்தது.

1871 டிசம்பர் 12 ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் சென்றதையும், சென்னை வானாய்வகத்தார் அவிநாசியில் முகாமிட்டதையும், அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டதென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எனக்குக் கை காட்டுகிறார்கள். சோழிக் கதை அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

நாள்களை மட்டும் சொல்லி விடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 2027 ஆகஸ்ட் 2 ஆம் நாள் எகிப்தில் முழுச் சூரிய கிரகணம். நமக்கு மாலையில் சிறு பகுதி தெரியும். 2031 மே 21 ஆம் நாள், நண்பகலை ஒட்டி, கொச்சி, மதுரை வழியாக மறுபடி கங்கண கிரகணம். பழைய கிரகணக் கண்ணாடியை எடுத்து வைத்திருப்பவர்கள் விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். வணக்கம்.