அலகு சொல்வதும் கால் சொல்வதும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டூக்கான் என்னும் அமெரிக்கக் காட்டுப் பறவையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வால்பாறைப் பக்கம் சென்று வருபவர்கள் மலை இருவாச்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து, "ஐயா, டூக்கானைப் பார்த்தோம்" என்று என்னிடம் காட்டியது ஒரு முறை, இரு முறை அல்ல. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு பறவைகளுக்கும் உடலை மீறிய அலகு; இரண்டும் பழம் தின்னும்; இரண்டும் மரப்பொந்தில் முட்டையிடும். ஆனால் டூக்கான் இந்தியக் காடுகளில் மட்டுமல்ல, ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ எங்குமே இயற்கையாக வாழ்வதில்லை. தெற்கு மெக்சிகோவில் தொடங்கி, மத்திய அமெரிக்கா வழியாக வடக்கு அர்ஜென்டினா வரை நீளும் நிலப்பரப்பும், அதை ஒட்டிய டிரினிடாட் தீவும்தான் அதன் உலகம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. அலகை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டும். இருவாச்சியின் காலில் மூன்று விரல்கள் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் இருக்கும்; முன்விரல்கள் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். டூக்கானின் காலிலோ இரண்டு விரல்கள் முன்னே, இரண்டு பின்னே. இப்படிப்பட்ட காலை நாம் மரங்கொத்தியிடம் பார்த்திருக்கிறோம். உறவும் அங்கேதான் இருக்கிறது. மரங்கொத்திகள், தேன்காட்டிகள், குக்குறுவான்கள் ஆகியவை அடங்கிய 'பிசிஃபார்மிஸ்' என்னும் வரிசையில்தான் டூக்கான்களும் சேர்கின்றன. இருவாச்சிகள் முற்றிலும் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. பிசிஃபார்மிஸ் வரிசைக்குள்ளும் டூக்கானுக்கு மிக நெருங்கியவை குக்குறுவான்களே. அமெரிக்கக் குக்குறுவான்களுக்கும் டூக்கான்களுக்கும் இடையே உள்ள நெருக்கத்தைக் கண்டு, இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்த அறிஞர்களும் உண்டு. ஆக, நம் ஊர் ஆலமரத்தின் உச்சியில் அமர்ந்து, கன்னான் செம்புப் பாத்திரம் தட்டுவதுபோல் 'டொக், டொக்' என்று வெயிலில் விடாமல் ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவானை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறு பறவையை, டூக்கானுக்குப் பங்காளி என்று சொல்லலாம். கம்பீரமான இருவாச்சியை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு தொலைதூரக் கண்டங்களில், பழம் தின்று பொந்தில் வாழும் ஒரே மாதிரியான பிழைப்பு இரண்டு வேறு குலங்களுக்கு ஒரே மாதிரியான தோற்றத்தைத் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அலகைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். என்றாலும் அதைப் பற்றிப் பேசாமல் இந்தப் பறவையைக் கடந்துபோக இயலாது. டூக்கான்களிலேயே மிகப் பெரியது 'டோக்கோ' டூக்கான். 55 முதல் 65 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பறவையின் அலகு மட்டுமே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. எடையிலோ அது இருபதில் ஒரு பங்குதான். இது எப்படி இயலும் என்பதற்கான விடை அலகின் உள்ளே இருக்கிறது. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்னும் பொருள், ஓட்டுக்கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அலகின் வெளித்தோடாக அமைகிறது. உள்ளே கெட்டியான எலும்பு கிடையாது. மெல்லிய எலும்புக் கம்பிகள் பின்னிய, காற்று நிறைந்த அறைகள் மட்டுமே கடற்பஞ்சுபோல் நிரம்பியிருக்கின்றன. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் உள்ள பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டு இந்த அமைப்பை விரிவாக விளக்கினார்கள். எடை குறைவாகவும் வளையாமலும் இருக்க வேண்டிய பொருளைத் தேடும் பொறியாளருக்கு, இந்த அலகு ஒரு பாடப்புத்தகம்.

இவ்வளவு பெரிய அலகு எதற்கு என்ற கேள்வி பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கையாளர் புஃபோன் இதை இயற்கையின் பிழை என்ற தொனியில் எழுதினார். பெரிய அறிஞர்தான், ஆனால் இங்கே அவசரப்பட்டுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். 1848-இல் அமேசானுக்குச் சென்று பதினோரு ஆண்டுகள் அங்கே தங்கிய ஆங்கிலேயர் ஹென்றி வால்டர் பேட்ஸ், பறவையை அதன் மரத்திலேயே பார்த்தவர். பழங்கள் மெல்லிய கிளைகளின் நுனியில் தொங்குகின்றன. கனத்த உடலைக் கொண்ட பறவை அந்த நுனியில் உட்கார முடியாது. உறுதியான கிளையில் அமர்ந்தபடியே எட்டிப் பறிக்க நீண்ட அலகு உதவுகிறது என்று அவர் விளக்கினார். நாம் தோட்டத்தில் மாங்காய் பறிக்கத் துரட்டி வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. அலகின் ஓரத்தில் ரம்பப் பற்கள் போன்ற வெட்டுகள் உண்டு. நுனியில் கவ்விய பழத்தைத் தலையை அண்ணாந்து மேலே எறிந்து, தொண்டைக்குள் விழச் செய்து விழுங்கும். நாக்கும் விசித்திரமானது: நீளமாக, தட்டையாக, ஓரங்கள் நார் நாராகப் பிரிந்து, இறகு ஒன்றை வாயில் வைத்திருப்பதுபோல் தோன்றும்.

இந்த நூற்றாண்டில் அந்தக் கேள்விக்கு இன்னொரு விடையும் கிடைத்தது. கனடா, பிரேசில் ஆய்வாளர்கள் சேர்ந்து டோக்கோ டூக்கான்களை வெப்பப் படக்கருவியால் படம் பிடித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வெயில் ஏறும்போது பறவை தன் அலகுக்குள் ஓடும் இரத்தத்தைக் கூட்டி, உடலின் சூட்டை அலகின் வழியே வெளியே தள்ளுகிறது. குளிர்ந்தால் அந்த ஓட்டத்தைக் குறைத்துச் சூட்டைச் சேமிக்கிறது. பறவைகளுக்கு வியர்வை கிடையாது என்பதை நினைவில் கொண்டால் இதன் அருமை புரியும். யானைக்குக் காது செய்யும் வேலையை டூக்கானுக்கு அலகு செய்கிறது. இரவில் உறங்கும்போது அது அலகை முதுகு இறகுகளுக்குள் புதைத்துக்கொள்வதற்கும் இதனால் பொருள் விளங்குகிறது. உறக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டூக்கானின் வால் எலும்பு, பந்துக்கிண்ண மூட்டுபோல் முதுகோடு இணைந்திருக்கிறது; எனவே வாலை முன்பக்கமாகத் தலைமேல் மடித்துப் போட்டுக்கொள்ள முடியும். அலகு முதுகுக்குள், வால் தலைக்கு மேல் என்று சுருண்டுவிட்டால், அவ்வளவு பெரிய பறவை ஓர் இறகுப் பந்தாகிவிடும். குறுகிய பொந்துக்குள் அரசாரி என்னும் டூக்கான் வகைப் பறவைகள் ஐந்தாறு ஒன்றாக உறங்க முடிவது இதனால்தான்.

அரசாரி என்றதும் நம்மூர்ப் பெயர்போல ஒலித்திருக்கலாம். டூக்கான், அரசாரி ஆகிய இரண்டு பெயர்களும் பிரேசிலின் பூர்வகுடிகளான துப்பி மக்களின் மொழியிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக உலகுக்கு வந்தவை. டூக்கான் குடும்பத்தில், நெருங்கிய இனங்களைத் தொகுத்த ஐந்து பேரினங்கள் இருக்கின்றன. 'ராம்ஃபாஸ்டோஸ்' என்பது விளம்பரங்களிலும் முத்திரைகளிலும் நாம் காணும், கருப்பு உடலும் வெள்ளை அல்லது மஞ்சள் தொண்டையும் கொண்ட பெரிய டூக்கான்களின் பேரினம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் சூட்டிய அந்தப் பெயருக்கு, அலகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே வேர். பெலிஸ் நாட்டின் தேசியப் பறவையான வானவில் அலகு டூக்கானும் இதைச் சேர்ந்ததே. அரசாரிகளின் பேரினமான 'டெரோக்ளாசஸ்' என்ற பெயருக்கு இறகு நாக்கு என்று பொருள். அவை மெலிந்தவை, கூட்டமாக வாழ்பவை. மற்ற மூன்றில், 'ஆலகோரிங்கஸ்' என்பது பெரும்பாலும் மலைக்காடுகளில், இலையோடு இலையாக மறையும் பச்சை நிறச் சிறு டூக்கான்களுக்கும், 'ஆண்டிஜெனா' என்பது ஆண்டிஸ் மலையின் சாம்பல், நீல நிற மலை டூக்கான்களுக்கும் உரிய பெயர்கள். 'செலெனிடெரா' மட்டும் ஒரு விதிவிலக்கு. மற்றப் பேரினங்களில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஒரே நிறம். இதில் ஆணுக்குக் கருப்பு மார்பு, பெண்ணுக்கு அநேகமாகப் பழுப்பு மார்பு.

கூட்டமாக வாழ்பவை என்று சொன்னது வெறும் பேச்சல்ல என்பதைப் பேட்ஸ் தாமே அனுபவித்து அறிந்தார். தலையில் சுருண்ட கருப்புத் தகடுகள்போல் மினுமினுக்கும் இறகுகளைக் கொண்ட ஓர் அரசாரியைச் சுட்டு வீழ்த்தி, காயத்தோடு கிடந்த அதை எடுக்கப் போனபோது, அது வீறிட்டுக் கத்தியது. அடுத்த கணம், ஒரு பறவையும் இல்லாதிருந்த மரங்களெங்கும் அரசாரிகள். கிளைக்குக் கிளை தாவி இறங்கி, சிறகை அடித்து, அவரைச் சூழ்ந்து கத்தின. காயம்பட்ட பறவையின் குரல் அடங்கியதும், அவர் துப்பாக்கியில் மறுபடி மருந்து இடுவதற்குள் அத்தனையும் மறைந்துவிட்டன.

எத்தனை இனங்கள் என்று கேட்டால், நாற்பதுக்கு மேல் என்று பொதுவாகச் சொல்லலாம்; எண்ணுபவரைப் பொறுத்து அது 35 என்றும் 50 என்றும் மாறும். காரணம் இருக்கிறது. அமேசான் கிழக்கில் சிவந்த அலகோடும் மேற்கில் கரிய அலகோடும் இரண்டு டூக்கான்கள் வாழ்கின்றன. முன்பு அவற்றை இரண்டு இனங்களாகக் கருதினார்கள். சந்திக்கும் இடங்களில் அவை தடையின்றிக் கலந்து இனம் பெருக்குவதைக் கண்டபின், வெள்ளைத் தொண்டை டூக்கான் என்ற ஒரே இனமாக்கிவிட்டார்கள். இதற்கு நேர்மாறாக, ஒரே காட்டில், ஒரே உடையில் இரண்டு உண்மையான இனங்கள் உலவும் வேடிக்கையும் உண்டு. வெள்ளைத் தொண்டை டூக்கானும், அதைவிடச் சற்றே சிறிய வாய்க்கால் அலகு டூக்கானும் மேற்கு அமேசானில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். ஆனால் வாயைத் திறந்தால் ஒன்று நாய்க்குட்டிபோல் குரைத்துக் கூவும், மற்றது தவளைபோல் கரகரக்கும். கண் கைவிடும் இடத்தில் காது கைகொடுக்கிறது என்பதை வானொலியில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வாழிடம் என்று பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை அடர்ந்த மழைக்காட்டின் மேல்தட்டுக் கிளைகளில் வாழ்பவை. சிறகுகள் குட்டையானவை, நாலைந்து அடி அடித்து, சற்றே சறுக்கி, மீண்டும் அடித்து, அலை அலையாக மரம் விட்டு மரம் செல்லுமே ஒழிய, நெடுந்தூரம் பறக்காது. மலை டூக்கான்கள் ஆண்டிஸில் 3,000 மீட்டர் உயரம் வரையிலும் அதற்கு மேலும் உள்ள முகில் காடுகளில் வாழ்கின்றன. பெரு நாட்டின் ஒரு மலைச்சரிவில், குறுகிய உயர எல்லைக்குள் மட்டுமே வாழும் மஞ்சள் புருவச் சிறு டூக்கான் போன்றவையும் உள்ளன; காடு அழியும்போது முதலில் தடுமாறுபவை இவை. எல்லாவற்றிலும் புகழ்பெற்ற டோக்கோ டூக்கானோ அடர்காட்டை விரும்புவதில்லை. பிரேசிலின் செராடோ என்னும் மரங்கள் சிதறிய புல்வெளியும், பந்தனால் என்னும் மாபெரும் சதுப்புவெளியும், தோட்டங்களின் ஓரங்களுமே அதற்குப் பிடித்தவை.

டூக்கான் முழுதும் சைவம் அல்ல. பூச்சி, பல்லி, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு என்று கிடைப்பதைத் தின்னும். எனினும் முதன்மை உணவு பழம்தான். பனாமாவில் டூக்கான்களின் முதுகில் இடங்காட்டும் கருவியைப் பொருத்தி, ஜாதிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த விரோலா மரத்தின் விதைகளை அவை எங்கே கொண்டுபோகின்றன என்று பார்த்தார்கள். ஜாதிபத்திரிபோல் சிவந்த உறையோடு விதையை விழுங்கும் பறவை, உறையை மட்டும் செரித்துவிட்டு, சராசரியாக 25 நிமிடங்களில் விதையைக் கக்கிவிடுகிறது. அதற்குள் சராசரியாக 144 மீட்டர் கடந்திருக்கிறது. தாய்மரத்தின் நிழலிலிருந்து விதை தப்பிக்க இந்தத் தொலைவு போதும். ஆனைமலையில் காட்டு ஜாதிக்காயை இருவாச்சிகள் விழுங்கிப் பரப்புவதும் இதே வேலைதான். பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காடுகளில், டூக்கான் போன்ற பெரிய பழந்தின்னிகள் இல்லாமற்போன துண்டுக் காடுகளில் ஜுசாரா என்னும் பனை வகையின் விதைகளே சிறுத்துவிட்டன என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய விதையை விழுங்கும் வாய் இல்லாதபோது, சிறிய பறவைகளால் விழுங்க முடிந்த சிறு விதைகள் மட்டுமே முளைத்துத் தலைமுறை காண்கின்றன.

பந்தனாலில் நடப்பது இன்னும் சிக்கலானது. உலகின் மிகப் பெரிய பஞ்சவர்ணக்கிளியான நீலக்கிளி அங்கே பெரும்பாலும் மந்துவி என்னும் ஒரே வகை மரத்தின் பொந்தில்தான் கூடு வைக்கிறது. அந்தக் கிளியின் முட்டைகளைத் திருடித் தின்னும் எதிரிகளில் முதலிடம் டோக்கோ டூக்கானுக்கு. சூறையாடப்படும் முட்டைகளில் பாதிக்கு மேல் அதன் கணக்கில் சேர்கின்றன. இதைக் கேட்டவுடன் டூக்கானை விரட்டினால் கிளி பிழைக்கும் என்று தோன்றும். ஆனால் மந்துவி மரத்தின் விதைகளில் பரவுபவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவற்றை எடுத்துச் சென்று பரப்புவதும் அதே டோக்கோ டூக்கான்தான். அது இல்லாவிட்டால் இன்று முட்டை தப்பும். நாளை முட்டையிட மரம் இருக்காது. டூக்கான் இன்று கொண்டுபோய்ப் போடும் ஒரு விதை முளைத்து வளர்ந்து, கிளி நுழைந்து அடைகாக்கும் அளவுக்குப் பெரிய பொந்து அதில் உண்டாக, ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகின்றன.

வணக்கம்.