ஏரியா பேர மைக்குல சொல்லணும்
(வியாசர்பாடியில ஒரு சாயங்காலக் கூட்டத்துல பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். சேர் பத்தாம ஓரமா நிக்கிற தம்பிங்க, தங்கச்சிங்க, முன்னாடி வந்து கீழ உக்காருங்க, உங்ககிட்ட பேசத்தான் வந்தேன்.

சமீபத்துல ஒரு வேலையா மும்பை போயிருந்தேன், தாராவில சித்தப்பா வீட்டுல தங்கல். டிவைன்னு ஒரு ராப் பாடகரோட ஷோவுக்கு டிக்கெட் ஒண்ணு கூடுதலா இருக்கு, வாண்ணேன்னு சித்தப்பா பையன் இழுத்துட்டுப் போனான். பெரியவங்களுக்காக சொல்றேன், டிவைனோட சொந்தப்பேரு விவியன் பெர்னாண்டஸ், அந்தேரி ஜே.பி. நகர் சந்துல வளர்ந்தவரு. 2015ல குர்லா பையன் நேஸியோட சேந்து 'மேரே கல்லி மே'ன்னு ஒரு பாட்டு விட்டாரு, என் தெருவுல என்ன நடக்குதுன்னு சொல்ற பாட்டு. அந்த ரெண்டு பேரு வாழ்க்கையில இருந்து கருவ எடுத்துதான் 2019ல 'கல்லி பாய்' படமே எடுத்தாங்க. நேஸி 2014ல முதல் வீடியோவ ஐபேடுலயே புடிச்சு போட்டவரு, ஸ்டுடியோ இல்லன்னு உக்காந்துட்டு இருக்க பசங்க இத கேட்டுக்கோங்க.

எனக்கு இந்தி அரைகுறைதான். அந்த பாட்ட போன்ல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், ஆனா நேர்ல அந்த ஸ்பீக்கரோட பேஸ் சத்தம் நெஞ்சுல வந்து மோதுறப்போ பாஷை எல்லாம் ரெண்டாவதுதான். டிவைன் வரிய பாதில விட்டுட்டு மைக்க கூட்டத்து பக்கம் நீட்டுறாரு, மிச்சத்த கூட்டம் முடிக்குது, அப்ப என்ன சுத்தி நின்ன பசங்க ஒவ்வொருத்தனும் அவனவன் ஏரியா பேர சொல்லி கத்துறான், குர்லாங்கறான், மலாடுங்கறான், எங்க சித்தப்பா பையன் தொண்ட கிழிய தாராவி தாராவின்னு கத்துறான், எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஏன் வந்துச்சுன்னு சொல்றேன். இங்க இன்டர்வியூல அட்ரஸ் கேட்டா நாம என்ன சொல்றோம்? வியாசர்பாடி பையன் பெரம்பூர்ங்கறான். புளியந்தோப்பு பொண்ணு புரசைவாக்கம்னு சொல்லுது. தப்பு அந்தப் புள்ளைங்க மேல இல்ல, நம்ம ஏரியாவ காட்டுனாலே கையில கத்திய குடுத்து காட்டுற சினிமா மேலயும், பேர கேட்டவுடனே மூஞ்சி மாறுற ஆளுங்க மேலயும்தான்.

ராப்பு எங்க பொறந்துச்சு? நியூயார்க்ல பிராங்ஸ், இதே மாதிரி கெட்ட பேரு வாங்குன ஏரியா. 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூல ஒரு அபார்ட்மென்ட் பொது ஹால்ல தங்கச்சி வெச்ச பார்ட்டிக்கு டிஜே கூல் ஹெர்க் பாட்டு போட்டாரு, ஜனம் எந்த இடத்துல ஆடுதுன்னு பாத்து அந்த பீட்ட மட்டும் இழுத்து இழுத்து போட்டாரு. அவ்ளோதான் ஆரம்பம்.

நமக்கு அதுக்கும் முன்னாடியே கானா இருக்குங்க! சாவு வீட்டுல விடிய விடிய டேப்புங்கற தோல் வாத்தியத்த தட்டிக்கிட்டு, போனவரு பேரு, அவரு பாத்த வேலை, புள்ளைங்க பேரு எல்லாத்தையும் அங்கயே பாட்டுல கட்டுற ஆளுங்க நம்ம தெருவுல இருந்தாங்க, இன்னும் இருக்காங்க. இத வெளிநாட்டுக்காரன் ஃப்ரீஸ்டைல்னு சொன்னாதான் மதிப்பியா? 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் ஷோ நடந்துச்சு, டைரக்டர் பா. ரஞ்சித்தும் மியூசிக் பண்ற டென்மாவும் சேந்து உருவாக்குன குழு, கானா பாடுறவங்களும் பாடகர் அறிவு மாதிரி ராப் பண்றவங்களும் ஒரே மேடையில நின்னாங்க. அதே வருஷம் 'காலா' படத்துல டோப்அடெலிக்ஸ்னு தாராவி பசங்க குழு தமிழ்ல ராப் பண்ணாங்க. மும்பையில பொறந்து வளந்த புள்ளைங்க தமிழ்ல பாடுது, இங்க சில பேரு ராப்புன்னாலே இங்கிலீஷ் வேணும்னு நெனச்சிட்டு இருக்கீங்க.

ஷோ டிக்கெட் வெல நம்ம பசங்களுக்கு கட்டுப்படியாகாது, அதுவும் பெரும்பாலும் ஈசிஆர் பக்கம், இல்ல நந்தனம், ராத்திரி திரும்பி வர்றதே பெரும்பாடு. அதனால நாமளே இங்க ஒண்ணு வெப்போம்னு சொல்லத்தான் மைக்க புடிச்சேன். ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் சொல்லியாச்சு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் இதே கிரவுண்டு. டேப் வாசிக்கிற அண்ணனுங்க வர்றேன்னுட்டாங்க. கண்டிஷன் ஒண்ணுதான், மேல ஏறுனதும் மொத வரி உன் தெரு பேரு. யாரு மொதல்ல பாடுறீங்க, இப்பவே பேரு குடுங்க, எழுதிக்கிறேன்.