வயதா, வகுப்பா? லாக்ரோஸ் பற்றி வந்த ஒரு கேள்வி

அடுத்த கேள்வி டொரொன்டோவிலிருந்து ஒரு அண்ணா அனுப்பியது. மகனுக்கு 13 வயது, லாக்ரோஸ் விளையாடுகிறான். கோடை விடுமுறையில் அமெரிக்காவுக்கு ஒரு போட்டிக்குப் போனார்களாம். எதிரணியில் மீசை அரும்பிய பெடியள் நின்றார்களாம். கேட்டதற்கு, இங்கே வயது பார்ப்பதில்லை, வகுப்புத்தான் கணக்கு என்றார்களாம். இது நியாயமா என்று கேட்கிறார்.

நம் யாழ்ப்பாணத்தில் லாக்ரோஸைக் கண்டவர்கள் குறைவு. நுனியில் வலை கட்டிய தடியால் பந்தை ஏந்தி எறிகிற விளையாட்டு. வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. 1994 முதல் சட்டப்படி கனடாவின் கோடைகாலத் தேசிய விளையாட்டு. ஆண்கள் ஆட்டத்தில் ஆளோடு ஆள் மோதலாம். இந்த மோதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வகுப்பை ஏன் பார்க்கிறார்கள்? அமெரிக்க கிளப் அணிகள் பலவற்றுக்குப் பெயரே பள்ளி முடிக்கிற ஆண்டுதான். 2030 அணி என்றால் 2030இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பவர்கள். ஆள் தேடி வருகிற பல்கலைக்கழகப் பயிற்றுநர்களுக்கும் அந்த ஆண்டுதான் கணக்கு. காரணம் விளங்குகிறது. ஆனால் இதற்குள் ஒரு ஓட்டை. நன்றாகப் படிக்கிற பிள்ளையையே அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருத்தி, ஒரு வயது கூடியவனாக மைதானத்தில் இறக்குகிறார்கள். தனியார் பள்ளிக்குக் காசு கட்டியும் செய்கிறார்கள். இங்கே பிள்ளையை வகுப்பில் இருத்திவிட்டால் அம்மா கோயிலுக்குப் போகவே கூச்சப்படுவார்!

போன தவணை தைத்த காற்சட்டை இந்தத் தவணை கணுக்காலுக்கு மேலே ஏறுகிற வயது இது. அந்த வயதில் ஒரு வருடம் மூத்தவன் ஓடிவந்து மோதினால் யார் விழுவது? அதனால் என் பதில், பிறந்த திகதியைத்தான் பார்க்க வேண்டும். வகுப்பைப் பெற்றோர் மாற்றலாம், திகதியை மாற்ற முடியாது. பிறப்புச் சான்றிதழில் கைவைத்த கதைகள் நம் பக்கமும் உண்டு, அதை விடுவோம்.

ஆனால் அண்ணா, வயதுக் கணக்கும் முழுச் சுத்தம் இல்லை. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. கனடா ஐஸ் ஹொக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்று 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நானே டிசம்பர் பிள்ளை. 15 வயதுப் பிரிவுத் துடுப்பாட்டத் தெரிவு நாளில் பாட் கட்டினால் தொடை வரை வந்துவிட்டது. இரண்டாவது பந்தில் ஓடப்போய்த் தடக்கி ரன் அவுட். "அடுத்த வருஷம் வாரும் தம்பி" என்றார் பயிற்றுநர். அடுத்த வருடம் எனக்கு அந்தப் பிரிவுக்கு வயது தாண்டிவிட்டது.

இப்போது சில அமெரிக்கப் போட்டிகளில் வகுப்போடு வயது எல்லையும் வைக்கிறார்கள். அடுத்த முறை பணம் கட்ட முதல், வயது எல்லை இருக்கிறதா, பிறப்புச் சான்றிதழ் பார்ப்பார்களா என்று இரண்டையும் கேளுங்கள். இல்லை என்றால் நான் மகனை அனுப்ப மாட்டேன்.