புல்வெளிக்கு அடியில் ஓர் ஊர்

அவையோருக்கு வணக்கம். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள மில்டன் ஆபஸ் என்ற கிராமத்தின் பிரபு மாளிகையையும் பூங்காவையும் பற்றி இன்று பேசப்போகிறேன். மூன்று பக்கமும் காடடர்ந்த சரிவுகள், நடுவே விரிந்த புல்வெளி, ஓர் ஏரி, பழைய மடத்துத் தேவாலயம், அதை ஒட்டி மாளிகை. பார்ப்பவர்கள் இயற்கையின் கொடை என்று நினைப்பார்கள். ஆனால் அந்தப் புல்வெளி இருக்கும் இடத்தில் மிடில்டன் என்ற சந்தை ஊர் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், மதுக்கடைகள், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன.

ஊர் வளர்ந்தது மடத்தால். 10-ஆம் நூற்றாண்டில் ஏதெல்ஸ்டன் அரசர் நிறுவிய மடம் அது. 1309-இல் இடி விழுந்து தேவாலயம் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள், ஆனால் முழுதாக முடியவில்லை. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, அவருடைய மணவிலக்கு வழக்கில் உழைத்த வழக்கறிஞர் ஜான் டிரெகன்வெல் 1540-இல் 1,000 பவுண்டுக்கு இதை வாங்கினார். ஊரும் மாளிகையும் அருகருகே இருந்துவந்தன.

1752-இல் ஜோசப் டேமர் வாங்கிய பிறகுதான் விஷயம் மாறியது. இவர்தான் பின்னாளில் மில்டன் பிரபு, அதற்கும் பிறகு டார்செஸ்டர் ஏர்ல் என்ற பட்டம் பெற்றவர். சந்தைச் சத்தமும் புகையும் மாளிகை வாசலில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நிலவமைப்பில் பெயர்பெற்ற 'கேப்பபிலிட்டி' என்ற பட்டப்பெயருடைய பிரவுனை அழைத்தார். மாளிகையைக் கட்ட வில்லியம் சேம்பர்ஸ் வந்தார். 1498-இல் கட்டிய மடத்தலைவரின் கூடம் மட்டும் புது மாளிகைக்குள் அப்படியே நின்றது.

சரி, ஓர் ஊரை எப்படிக் காலி செய்வது? அதற்கு அவர் படையெதுவும் கொண்டுவரவில்லை. நிலம் அவருடையது, குடியிருந்தவர்கள் குத்தகைக்காரர்கள். குத்தகை முடிய முடியப் புதுப்பிக்க மறுத்தார், சிலவற்றை விலைக்கு வாங்கினார், காலியான வீட்டை இடித்தார். சட்டத்துக்கு உட்பட்டே, வருடக்கணக்கில் நிதானமாக நடந்தது இது. அதனால்தான் எனக்கு இது இன்னும் கொடுமையாகப் படுகிறது.

எதிர்த்து நின்றவர் வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர். அவருடைய குத்தகைக்கு ஆயுள் இருந்தது, அவர் கிளம்பவில்லை. பிரபு மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டைச் சுற்றி வெள்ளம் பாயவிட்டதாகச் சொல்வார்கள். ஹாரிசன் வழக்குப் போட்டார், வென்றார். பணமும் சட்டமும் ஒரே பக்கம் இருந்த காலத்தில், சட்டம் தெரிந்த ஒருவர் மட்டும் தாக்குப்பிடித்தார். மற்றவர்களுக்கு அந்த வசதி எங்கே? ஊரின் பழைய 'கிராமர் ஸ்கூல்' பள்ளியைக்கூட 1785-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் பிளாண்ட்ஃபோர்டு என்ற வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெளியேற்றியவர்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், மாளிகைக் கண்ணில் படாத இடத்தில், புதுத் தெரு அமைத்தார் பிரபு. இன்று நாட்காட்டிகளில் அச்சாகும் தெரு அதுதான். ஒரே அச்சில் வார்த்தது போன்ற 36 கட்டடங்கள், வெள்ளைச் சுவர், கூரை வேய்ந்த மேற்பகுதி, முன்னால் புல். ஒவ்வொன்றிலும் இரண்டு குடும்பங்கள். ஏழைகளுக்காக 1674-இல் கட்டிய அறச்சாலையையும் பழைய ஊரிலிருந்து பெயர்த்து இங்கே வைத்தார்கள். 1786-இல் கிராமத்துக்குத் தனித் தேவாலயம் வந்தது. அழகான தெருதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே குடியேறியவர்கள் எவரும் அந்த அழகைக் கேட்டதில்லை. சந்தை போனது, அதோடு கடைக்காரர்களின் பிழைப்பும் போனது.

பிரபுவின் குடும்பமும் இங்கே துக்கம் கண்டது. மனைவி கரோலைன் 1775-இல் இறந்தார், அடுத்த ஆண்டு மகன் ஜான் லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவிக்கு எழுப்பிய பளிங்குச் சமாதி மடத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. அப்புறம் 1852-இல் ஹாம்ப்ரோ என்ற வங்கிக் குடும்பம் மாளிகையை வாங்கியது. 1954-இல் அங்கே ஒரு பள்ளி தொடங்கியது.

பூங்காவை வடிவமைத்தவரின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். ஊர் இடிபடும் முன் வரையப்பட்ட எஸ்டேட் வரைபடம் ஒன்றும் மிஞ்சியிருக்கிறது, அதில் தெருக்களும் வீடுகளும் தெரிகின்றன. அந்த வரைபடத்தின் பெரிய நகல் ஒன்றைப் புல்வெளி ஓரத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் எந்தத் தெரு ஓடியது என்று வருகிறவர்கள் நடந்தே பார்க்கும்படி. நன்றி, வணக்கம்.