மனசு வராது

வணக்கம் நேயர்களே. நவம்பர், கத்தோலிக்கர்களான நாங்கள் இறந்தவர்களை நினைக்கும் மாதம். போன 2ஆம் தேதி, இங்கே சிங்கப்பூரில் சுவா சூ காங் கல்லறையில், காற்றில் அணைந்துகொண்டே இருந்த மெழுகுவத்தியைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் மறைக்கல்வி படிக்கும் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். பதினான்கு வயது. "சார், மோட்சத்துல யாராலும் பாவமே செய்ய முடியாதாம். முடியாதுன்னா அது என்ன சுதந்திரம்? ரோபோ மாதிரிதானே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதட்டி அடக்கிவிடக் கூடாத கேள்வி. ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் இதைக் கேட்டுப் பதிலும் எழுதியிருக்கிறார். புனித அகுஸ்தீன். 354இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். பதினாறு வயதில் நண்பர்களோடு ஒரு தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசிக்குத் திருடவில்லை. பெரும்பாலானதைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். தப்பு என்பதே ருசியாக இருந்தது என்று பின்னால் எழுதினார். பாவத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த மனிதர், 'கடவுளின் நகரம்' என்ற பெரிய நூலின் கடைசிப் பகுதியில் இரண்டு சுதந்திரங்களைச் சொல்கிறார். ஆதாமுக்குக் கிடைத்தது, பாவம் செய்யாமல் இருக்க முடிகிற சுதந்திரம். மோட்சத்தில் கிடைப்பது, பாவம் செய்ய முடியாத சுதந்திரம். லத்தீனில் காதுக்கே விளங்கும்: போஸ்ஸே நோன் பெக்காரே, நோன் போஸ்ஸே பெக்காரே. 'நோன்' என்ற ஒரு சொல்தான் இடம் மாறுகிறது. இரண்டாவதுதான் பெரிய சுதந்திரம் என்கிறார். கடவுளால் பாவம் செய்ய முடியாது, அதற்காக அவருக்குச் சுதந்திரம் இல்லை என்போமா என்றும் கேட்கிறார்.

லத்தீனை விடுங்கள். நம் வீட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. 'முடியாது' வேறு, 'மனசு வராது' வேறு. கையைக் கட்டிப்போட்டால் முடியாது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடச் சொன்னால் மனசு வராது. அந்தத் தாய்க்குச் சுதந்திரம் இல்லை என்று யாராவது சொல்வோமா?

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோ பாயோவில் மூவறை வீடு. அப்பாவின் அம்மா, நாங்கள் ஆத்தா என்போம், பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் நிறத்தையும் கொண்டுவந்த நகையையும் சொல்லிச் சொல்லிக் குத்தியவர் ஆத்தா. அவருக்குக் கஞ்சி ஊட்ட வேண்டிய பொறுப்பு அம்மாவிடம் வந்தது. முதல் வருடம் கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் ஹாலுக்குக் கேட்கும். கூப்பிட்டால், கேட்டும் கேட்காததுபோல் சமையலறையில் நிற்பார். சனிக்கிழமை ஓபிர் ரோட்டில் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வார், குருவிடம் தன் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அடுத்த வாரமும் போவார். அதற்கடுத்த வாரமும்.

எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நான்காம் வருடம் ஒரு ராத்திரி பார்த்தேன். அம்மா கஞ்சியில் ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தார். ஊதினார். திரும்பவும் ஒரு சொட்டு. எனக்குப் பதினாறு வயது, ஆத்தா மேல் கோபம். "உங்களை அந்தப் பாடு படுத்தினாங்க. ஒருநாள் சுடச்சுடக் கொடுத்திருந்தா என்ன?" என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முன்னாடி மனசு வந்துச்சுப்பா. இப்ப வரல."

நேயர்களே, இந்த வரியை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். இன்னும் சொல்வேன். முன்னாடி வந்துச்சு, இப்ப வரல. கஞ்சியும் கரண்டியும் அவர் கையில்தான் இருந்தன, கேட்பாரும் இல்லை. முதல் வருடத்து அம்மாவைவிட நான்காம் வருடத்து அம்மாவுக்குச் சுதந்திரம் குறைந்ததா? விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதிய புலம்பல்தான் அந்த முதல் வருடம். அதுதான் கட்டு.

அப்படியானால் கடவுள் முதலிலேயே மனசு வராதவர்களாகப் படைத்திருக்கலாமே? அந்தப் பையன் அதையும் கேட்டான். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அந்த நான்கு வருடமும் அம்மாவுடையது. யாரோ செய்து கையில் கொடுத்திருந்தால் அது அம்மாவின் மனசாக இருந்திருக்காது. கடவுளின் அருள் இல்லாமல் மாறவில்லை என்றுதான் அம்மாவும் சொல்வார். அருளுக்கு அம்மா சம்மதித்தது எத்தனை சனிக்கிழமைகள்! மிச்சத்தைக் கடவுள், இறந்தபின் மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மையாகும் நிலையான உத்தரிக்கும் தலத்தில் சுத்தமாக்குகிறார் என்பது எங்கள் கத்தோலிக்க நம்பிக்கை. இமைப்பொழுதில் மாற்றிவிடுவார் என்பார்கள் மற்றச் சபைகளைச் சேர்ந்த பலர். எப்படியானாலும் அவரை நேருக்கு நேர் காணும்போதுதான் முழுமை.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஓரிகன் என்ற பழைய கிறிஸ்தவ அறிஞரைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். ஆன்மாக்கள் கடவுளோடு இருந்தபோதே சலித்துப்போய் விழுந்தன என்று மூன்றாம் நூற்றாண்டில் எழுதியவர். மோட்சத்திலும் சலிக்குமோ என்ற பயத்துக்கு அடுத்த நூற்றாண்டில் நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரியார் பதில் வைத்திருந்தார்: கடவுளுக்கு எல்லை இல்லை, அதனால் அவரை நோக்கிய வளர்ச்சிக்கும் முடிவில்லை, முழுமை என்பதே ஓயாமல் வளர்வது. இங்கே புதைத்த குழிக்குக்கூடப் பதினைந்து ஆண்டுக் கெடு வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, முடிவே இல்லாத வளர்ச்சியைப் பற்றி அந்தப் பையனிடம் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது. நன்றி, வணக்கம்.