எந்த மலையில் பறித்தது?

(பிள்ளைகளோடு செடிகளைப் பறித்து உலர்த்திச் சேகரிப்பது பற்றி, இலங்கை மலையகத்து ஹட்டனில் ஆசிரியர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். கையில் இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். நம் ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தி. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. இங்கே தேயிலைக்குத் தழையுரமாக வெட்டிப் போடுகிறோம். இதை ஒரு பூ என்கிறோம். பிட்டுப் பாருங்கள்: நடுவில் பொடிப்பொடியாக நிற்பவை ஒவ்வொன்றும் தனிப் பூ. ஓரத்து மஞ்சள் இதழ்களும் தனித்தனிப் பூக்கள்தான், ஆனால் விதை கட்டாதவை.

இதை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டினால் நூறு வருடம் தாண்டியும் இருக்கும். பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் அப்படித்தான் காக்கிறார்கள். ஆனால் ஆளுயரம் தாண்டி நின்ற செடி தாளில் ஒரு முழம் ஆகிவிடுகிறது, நிறமும் மங்கிவிடும். மிச்சத்தைத் தாளின் ஓரத்தில் ஒட்டும் குறிப்புச் சீட்டுத்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த செடி எந்த வருஷம் மலையில் எவ்வளவு உயரம் வரை பரவியிருந்தது என்பதற்கும் தேதி போட்ட சீட்டுத்தான் சாட்சி.

1849இல் பேராதனைத் தோட்டப் பொறுப்புக்கு வந்த துவெயிட்ஸ் அபார உழைப்பாளி. சேகரித்த செடிகளுக்கு அவர் போட்ட ‘சி.பி.’ (சிலோன் பிளான்ட்ஸ், அதாவது இலங்கைத் தாவரங்கள்) எண்கள் இன்றும் உலகத்து உலர்தாவரகங்களில் இருக்கின்றன. ஆனால் அந்த எண் செடியின் இனத்துக்கு. பறித்த இடத்துக்கு அல்ல. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில் பறித்தவை ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன. அவருக்கு முன்னிருந்த கார்ட்னர் சேகரித்தவையும் அதற்குள் கலந்திருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பிய தாள்கள் பலவற்றில் ஊரே இல்லை. எனக்கு மனசை அறுப்பது இதுதான். இலை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, நின்ற மலை இல்லை.

காகிதத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்டபோது காட்ட ஒரு துண்டுச் சீட்டில்லாமல் நின்ற குடும்பங்கள் நாம்.

தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நாம் ‘மலை’ என்போம். எங்கள் அம்மா கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது பக்கத்துக் காம்பராவில் கேட்பார்: “இன்னைக்கு எந்த மலை அக்கா?” பதில் வரும்: “ஆறாம் நம்பர் மலை, கோயிலுக்கு மேல் பக்கம்.” இதைவிட நல்ல இடக்குறிப்பு வேறென்ன வேண்டும்? அதையே சீட்டில் எழுதுங்கள். தோட்டம், டிவிஷன், மலை நம்பர், உயரம், தேதி, பூவின் நிறம், நம் வாயில் வழங்கும் பெயர். பறித்தது பிள்ளையென்றால் பிள்ளையின் பெயரையே எழுதுங்கள், உங்கள் பெயரை அல்ல.

செடியை அழுத்திக் காயவைக்கப் பழைய பேப்பரும் இரண்டு பலகையும் கயிறும் போதும். நம் ஊர் ஈரத்துக்குப் பேப்பரைத் தினமும் மாற்றுங்கள்; ஒரு நாள் விட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.